மின்னஞ்சல் இணைப்பைத் திறக்க முன்னம் வாலைப் பாருங்கோ

பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற யாழ்ப்பாண வீட்டுக்கு "பார்சல் சுங்கத்தில் நிக்குது, படிவம் இணைப்பில்" என்று ஒரு மின்னஞ்சல் போதும், கை தானாகவே அழுத்திவிடும். மாமாவின் முகவரியில் இருந்து வந்தாலும் நம்பேலாது. 2000 மே மாதம் பரவிய 'ஐ லவ் யூ' புழு (தானாகவே பரவும் கெட்ட நிரல்), பிடிபட்டவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் தன்னைத்தானே அனுப்பியது. அந்தக் கோப்பின் பெயர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடியும். 'விபிஎஸ்' என்றால் ஓடுகிற நிரல். அந்தக் கடைசித் துண்டை, அதாவது வாலை, விண்டோஸ் மறைத்ததால் வெறும் எழுத்துக் கோப்பாகத் தெரிந்தது. இன்றைக்கும் விண்டோஸ் அப்படித்தான் மறைக்கிறது.

1. வாலைத் தெரிய வையுங்கோ. ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, விண்டோஸ் 11 என்றால் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். விண்டோஸ் 10 இல் வியூவுக்குள்ளேயே அந்தக் கட்டம் இருக்கும்.

2. பெயரைக் கடைசியில் இருந்து வாசியுங்கோ. 'படிவம்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்றால் அது நிரல். ஐகனைப் பார்த்து ஏமாறாதேங்கோ, நிரலுக்கு எந்த ஐகனையும் ஒட்டலாம். இஎக்ஸ்இ, விபிஎஸ், ஜேஎஸ், எஸ்சிஆர், ஐஎஸ்ஓ என்று முடிந்தால் ஆர் அனுப்பினாலும் அழியுங்கோ.

கன பேர் சறுக்கிறது ஷோர்ட்கட் கோப்பில், அதாவது வேறொரு கோப்பையோ நிரலையோ திறக்கிற குறுக்குவழியில். கட்டத்தில் சரி போட்ட பிறகும் அதன் 'எல்என்கே' வால் தெரியாது! ஃபோல்டரை டீடெயில்ஸ் பார்வைக்கு மாற்றி, 'டைப்' என்ற வரிசையைப் பாருங்கோ. அங்கே 'ஷோர்ட்கட்' என்று இருக்கும். மின்னஞ்சலில் ஷோர்ட்கட் அனுப்ப நேர்மையான ஆளுக்கு ஒரு தேவையும் இல்லை.

3. வேர்ட் கோப்பு மஞ்சள் பட்டையோடு திறந்தால் அப்படியே வாசியுங்கோ. 'எனேபிள் கன்டென்ட்' அழுத்தச் சொல்லிக் கோப்பே கெஞ்சினால் மூடிவிடுங்கோ, அது மேக்ரோவை, அதாவது கோப்புக்குள் இருக்கிற சிறு நிரலை, ஓடவிடுகிற பொத்தான்.

4. கடவுச்சொல்லால் பூட்டிய 'சிப்' (zip) கோப்பும் அதன் கடவுச்சொல்லும் ஒரே மின்னஞ்சலில் வந்தால் தொடாதேங்கோ. வைரஸ் தடுப்பு நிரல் உள்ளே பார்க்கக் கூடாது என்றுதான் அந்தப் பூட்டு.

வீட்டுப் பாவனைக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு நிரலே போதும். 'கிராக்' செய்த (காசு கட்டாமல் பூட்டை உடைத்த) வைரஸ் தடுப்பு நிரலைப் போடுவதைவிடச் சும்மா இருக்கலாம். கோப்பை ஏற்றினால் பல வைரஸ் தடுப்பு நிரல்களால் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளம் நல்லது, ஆனால் அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கடிதம் ஏற்றாதேங்கோ. அங்கே ஏற்றினதை மற்றவர்களும் எடுக்கலாம்.

அழுத்திப் போட்டீங்களா? வை-ஃபையை நிறுத்தி, பென்டிரைவைக் கழற்றுங்கோ. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ஸ்கேன் ஒப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஒஃப்லைன் ஸ்கேனைக் கொடுங்கோ. கணினி மீளத் தொடங்கும், 15 நிமிடமளவில் முடியும். கடவுச்சொற்களைக் கைபேசியில் இருந்து மாற்றுங்கோ, மின்னஞ்சலுடையதை முதலில். மற்றக் கணக்குகளை மீட்கிற இணைப்புகள் எல்லாம் அங்கேதான் வரும்.