லொறி வேலைக்கு முதல் சம்பளம் பேசும்போது சறுக்கும் இடங்கள்

கொழும்பு கிராண்ட்பாஸில் லொறிகளை லோடுக்கு அனுப்பும் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன் ஓட்டியவன்தான். புதிதாக வரும் தம்பிமார் முதலாளியிடம் சம்பளம் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டால் என் பழைய காலமே திரும்பி வந்ததுபோல் இருக்கும். நான் தலையாட்டிய அதே இடத்தில் அவர்களும் தலையாட்டுகிறார்கள். லைசன்ஸ் வகுப்பு பார்ப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன். புறக்கோட்டை, பேலியகொட, வத்தளை, தெகிவளை என்று ஓடிவிட்டு இரவில் வீட்டுக்கு வரும் வேலையைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

"கைக்கு எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்பது

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு இரண்டு இடத்தில் வேலை வந்தது. ஓரிடத்தில் அடிப்படைச் சம்பளம் 30,000, ட்ரிப் காசோடு மாதம் 85,000 வரும் என்றார்கள். மற்ற இடத்தில் அடிப்படை 60,000, எல்லாம் சேர்த்து 80,000. "அண்ணே, ஐயாயிரம் கூட வருதே" என்று முதல் இடத்துக்கே போகப் பார்த்தார். இருங்கள் தம்பி என்று உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தன் பையிலிருந்து போடவேண்டும். பல இடங்களில் இந்த 15 வீதத்தை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான் பார்ப்பார்கள். 30,000க்கு 4,500 ரூபாய். 60,000க்கு 9,000. இதையும் சேர்த்தால் முதல் இடம் 89,500, இரண்டாவது 89,000. ஐயாயிரம் என்றது ஐந்நூறாகிவிட்டது. பணிக்கொடையைச் சேர்த்தால் அதுவும் போய்விடும். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் நின்று விலகினால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் தரவேண்டும். அடிப்படையை வைத்துப் பார்த்தால் ஐந்து வருடத்துக்கு ஓரிடத்தில் 75,000, மற்ற இடத்தில் 1,50,000. ஓவர்டைமுக்கும் மணிக்கணக்கு அந்த அடிப்படையில் இருந்துதான் வரும்.

சேமலாப நிதிக்கென்று தம்பியின் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதம் வேறு இருக்கிறது. இரண்டாவது இடத்தில் அது கூடப் போகும், அதனால் கைக்கு வருவது இன்னும் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். அது உங்கள் பெயரில் சேரும் காசு, வேறு எங்கும் போகவில்லை.

இதெல்லாம் லொறி ஓடும் மாதத்துக் கணக்கு. ஓடாத மாதம்? சித்திரைப் புத்தாண்டுக்குப் புறக்கோட்டை பூட்டிக்கிடக்கும். போயா எனும் பௌர்ணமி விடுமுறைக்கும் அப்படித்தான். 2022இல் டீசல் இல்லாமல் லொறிகள் எரிபொருள் செட்டுகளுக்கு முன் நாள் கணக்கில் வரிசையில் நின்றன. 2025 ஜனவரியில் துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கி, ஒரு பெட்டியை வெளியே எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. வரிசையில் நிற்பதும் வேலைதான், ஆனால் அதற்கு ட்ரிப் காசு எழுதமாட்டார்கள். அப்படியான மாதத்தில் கையில் நிற்பது அடிப்படை மட்டும்.

2026 ஜனவரியில் இருந்து சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளமே 30,000 ரூபாய். கனரக வாகனம் ஓட்டுகிறவருக்கு அதே தொகையைக் காட்டி "பேசிக் இவ்வளவுதான், மிச்சத்தை ட்ரிப்பில பாத்துக்கலாம்" என்பவரிடம், ட்ரிப் இல்லாத மாதத்துக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் மற்ற இடத்தைப் பாருங்கள். இன்னொன்று: சாப்பாட்டுக் காசும் வாழ்க்கைச் செலவுப் படியும் சேமலாப நிதிக் கணக்கில் சேரவேண்டியவை. ஓவர்டைம்தான் சேராது. முறைப்பாடு என்றால் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம்.

தம்பி கடைசியில் 85,000க்கே போனார். சரி, அவருடைய விருப்பம்.

"மூன்று மாதம் பார்ப்போம், அப்புறம் ஈ.பி.எப்."

முதல் நாளில் இருந்தே போடவேண்டும்.

தம்புள்ளை ஓடுகிறவரின் சம்பளத்தைக் காட்டிப் பேசுவது

அவருக்கு இரவுச் சாப்பாடு, தங்கும் செலவு எல்லாம் அதற்குள் இருக்கும். உங்களுக்கு வீட்டுச் சாப்பாடு. ஆனால் அவர் ஓரிடத்தில் இறக்கிவிட்டுத் தூங்குவார், நீங்கள் கடை கடையாக இறக்கவேண்டும். பேரம் பேசவேண்டியது அதை வைத்துத்தான்: ஒரு நாளைக்கு எத்தனை கடை, உதவியாள் உண்டா, விடியற்காலை எத்தனை மணிக்கு யார்டில் நிற்கவேண்டும். உதவியாள் வராத நாளில் மூட்டையை யார் இறக்குவது என்றும் கேளுங்கள். "சமாளிச்சுக்கலாம்" என்றால் நீங்கள்தான்.

த்ரீவீல் ஓட்டும் நண்பனோடு ஒப்பிடுவது

அவன் வருமானத்துக்குள் டயரும் லீசிங்கும் இருக்கிறது. விடுங்கள்.

சம்பளத்தில் பிடிப்பவற்றைப் பேசாமல் விடுவது

ஐந்தாம் குறுக்குத் தெருவில் லொறியை நிறுத்தினால் எந்த நேரமும் பைன் எழுதலாம். கடை வாசலில் நிறுத்தச் சொன்னது முதலாளி, தண்டப் பத்திரம் வருவது சாரதியின் பெயரில். பெட்டி உடைந்தால், சாமான் குறைந்தால், கடைக்காரர் தந்த காசில் ஒரு தாள் குறைந்தால் யார் கட்டுவது? வேலையில் சேருமுன் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால், அங்கே ஏற்கெனவே ஓட்டும் ஒருவரின் சம்பளச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். பிடித்த தொகையெல்லாம் அதில் இருக்கும்.