முதல் மனநல மதிப்பீட்டுக்குச் செல்வதற்கு முன்

மனநல ஆலோசகரை முதன்முறையாகச் சந்திக்கப் போகிறவர்கள், கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம், பசி, எரிச்சல், வேலையில் கவனம் ஆகியவை எப்படி இருந்தன என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்வது நல்லது. மனச்சோர்வை அளவிடப் பரவலாகப் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்னும் வினாத்தாளும் அந்த இரண்டு வாரங்களைப் பற்றியே கேட்கிறது. அதன் 9 கேள்விகளுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 27-க்குக் கணக்கிடுவார்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவான மதிப்பீடு தேவை என்று பொருளே தவிர, நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளல்ல. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பதைப் பற்றியது. கூச்சத்தால் அதற்கு மட்டும் 'இல்லை' என்று குறித்துவிடாதீர்கள். அத்தகைய எண்ணம் இப்போதே வலுவாக இருந்தால், சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் உடனே அவசர உதவியை நாடுங்கள்.

உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனை கேட்டால் வியப்படைய வேண்டாம்.

குடும்பமாகச் செல்லும்போது, "இவனைத் திருத்திக் கொடுங்கள்" என்று ஒருவரை மட்டும் முன்னே தள்ளுவது பெருங்கேடு. அவர் அன்றே வாயை மூடிக்கொள்வார். மாறாக, ஒவ்வொருவரும் தமக்கு எது கடினமாக இருக்கிறது என்பதைத் தம் வாயாலேயே சொல்லட்டும். பேசுவதில் எது ரகசியமாகக் காக்கப்படும், உயிருக்கு ஆபத்து போன்ற எந்தச் சூழலில் பிறருக்குத் தெரிவிக்கப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிவுபெறுங்கள்.