சிறு விமானம் விழுந்த இடத்தில் செய்யக்கூடாதவை

சோழவரத்தில் இரண்டாம் உலகப் போரின்போது போட்ட ஓடுதளம் பிற்பாடு மோட்டார் பந்தயத் தடமாக மாறியது. அது போன்ற ஓர் ஓடுதளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் மீஞ்சூர்ப் பக்கத்து வயலில் விழுந்து, உள்ளே இருந்தவர்கள் இறந்ததாக வைத்துக்கொள்வோம். விசாரணை அதிகாரி வருவதற்குள் பாதித் தவறுகள் நடந்து முடிந்திருக்கும்.

உயிர் காக்க எதையும் நகர்த்தலாம். அதன்பின் சிதறிய பாகங்களை ஓரமாகக் குவிப்பது மன்னிக்க முடியாத வேலை. இறக்கைத் துண்டு வெகுதூரம் பின்னால் கிடந்தால், வானிலேயே உடைந்ததா என்ற கேள்வி பிறக்கும். குவியலில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சில சிறு விமானங்களில் ராக்கெட்டால் விரியும் பாராசூட்டும் உண்டு. வெடிக்காத ராக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு யார் சொல்வது?

நேரில் பார்த்தவர்களை டீக்கடையில் கூட்டிவைத்து விசாரிக்கக்கூடாது. ஒருவர் "வானத்திலேயே தீப்பிடித்தது" என்றால், அடுத்தவரும் அதையே கண்டதாக நம்பிவிடுவார். தனித்தனியாக, அவரவர் நின்ற இடத்திலேயே கேட்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றவருக்கு ஓசை 3 விநாடி பிந்திக் கேட்கும் என்பதால், இன்ஜின் முதலில் நின்றதா, விமானம் முதலில் சரிந்ததா என்பது அவர் வாக்கில் தலைகீழாகலாம்.

அதிகம் தவறவிடப்படுவது கார்புரேட்டர் பனி; அதாவது, இன்ஜினுக்குப் போகும் காற்றோடு எரிபொருளைக் கலக்கும் பாகத்தில் படியும் பனி. சென்னையில் பனியா என்று சிரிக்கக்கூடாது. எரிபொருள் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் இறங்கும். ஈரக்காற்று வீசும் நாளில் வெளியே 25 டிகிரி இருந்தாலும், வேகத்தைக் குறைத்து இறங்கும்போது உள்ளே பனி படிந்து இன்ஜின் மூச்சடைக்கும். விழுந்த சற்று நேரத்தில் பனி உருகிவிடுவதால், பிரித்துப் பார்த்தால் இன்ஜினில் குறையே தெரியாது. "இயந்திரக் கோளாறு இல்லை, எனவே விமானியின் பிழை" என்று எழுத இதைவிட வசதி வேறில்லை. அந்த நேரத்து வெப்பமும் ஈரப்பதமும் முதல் நாளே கோப்பில் ஏற வேண்டும்.

எரிபொருள் மாதிரியை விமானத்தில் மட்டும் எடுத்தால் போதாது. தீயணைப்புத் தண்ணீர் அதில் கலந்திருக்கலாம். விமானத்துக்கு எரிபொருள் கொடுத்த தரைத் தொட்டியிலும் எடுக்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கென 2012இல் விமான விபத்து விசாரணைப் பிரிவு அமைந்தது. பன்னாட்டு விதிப்படி விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது; பழி சுமத்துவது அல்ல. 30 நாளில் வர வேண்டியது முதற்கட்ட அறிக்கை மட்டுமே. அதுவரை திரட்டிய தகவல்களே அதில் இருக்கும். அதையே தீர்ப்பாகப் படித்து, இறந்த விமானியின் வீட்டு வாசலில் மைக் நீட்டுவதும் இந்தத் தவறுகளில் ஒன்றுதான்.