இளம் வல்லூறா, பெஸ்ராவா? தொண்டையைப் பாருங்கள்

மார்பில் பழுப்புக் கீற்றுள்ள இளம் வல்லூறு மாதிரி ஒன்று கண்ணில் பட்டால், பைனாகுலரை முதலில் தொண்டைக்குக் கொண்டுபோங்கள். வெளிர்தொண்டையின் நடுவே தடித்த கருங்கோடு இறங்கினால் பெஸ்ரா, வல்லூறைப் போலவே இருக்கும் இன்னொரு வேட்டைப்பறவை. கோடு மெலிந்து மங்கலாக இருந்தால் வல்லூறு.

இரண்டின் இளசுகளுக்கும் முதுகு பழுப்பு, மார்பில் கீற்று, கண் மஞ்சள். அதனால் மற்ற அடையாளங்கள் குழப்பும், தொண்டைக்கோடு அவ்வளவாகக் குழப்பாது. வாலையும் பாருங்கள்: பெஸ்ராவின் கரும்பட்டைகள் இடைவெளி அளவுக்கே அகலம், வல்லூறுக்கு ஒடுக்கம். கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் சோலைக்காட்டுக்குள் என்றால் பெஸ்ராவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊரோர மரங்களில் என்றால் வல்லூறு.

குரலை மட்டும் வைத்துக் குறித்துவிடாதீர்கள். வல்லூறின் 'டி-டூ' என்ற இரட்டைக் கூவலைக் கரிச்சான் அச்சு அசலாக எடுத்துவிடும், கெட்டிக்காரப் பறவை!

தடித்த கோடு இருந்தும் உடம்பு காக்கை அளவுக்குப் பெரிதாக, பின்தலையில் சிறு கொண்டையோடு இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அது கொண்டை வல்லூறு. அலகு கொக்கியாக வளையாமல் நேராக இருந்தால் அக்காக்குயிலின் இளசாக இருக்கும். எதிர்வெயிலில் தொண்டையே இருட்டாகத் தெரியும், பக்கம் மாறி நின்று பாருங்கள்.