பழைய மதிப்பெண் பதிவேடுகளை மின்னாக்கம் செய்வது எப்படி?

பல்கலைக்கழக ஆவண அறையை மின்னாக்கம் செய்யத் தொடங்குவோர் முதலில் எடுக்க வேண்டியவை தேர்வுப் பிரிவின் மதிப்பெண் பதிவேடுகளே. சான்றிதழின் உண்மைத்தன்மையை அறிய வெளிநாட்டு நிறுவனம் கேட்டாலும், பழைய மாணவர் ஒருவர் இரண்டாம்படிக்கு விண்ணப்பித்தாலும், அலுவலர் புரட்டுவது அவற்றைத்தான். சுற்றறிக்கைகள் காத்திருக்கலாம்.

படி 1: பதிவேடுகளைத் தேர்வு நடந்த ஆண்டு, மாதம், பட்டப்படிப்பு என்ற வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு தொகுதியின் பக்க எண்ணிக்கையையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கோப்புகளின் எண்ணிக்கை குறைந்தால், எங்கோ இரண்டு தாள்கள் சேர்ந்து புரண்டுவிட்டன என்பது உடனே தெரியும்.

படி 2: அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற அளவில், வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால், சிவப்பு மையில் செய்த திருத்தத்தையும் அதனருகே உள்ள சுருக்கொப்பத்தையும் மற்ற எழுத்துகளிலிருந்து பிரித்தறிய முடியாது. தாளைத் தானாக இழுக்கும் ஸ்கேனருக்காகப் பைண்டிங்கை வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் மெதுவானதே என்றாலும், பதிவேடு குலையாமல் இருக்கும். மூலப்படியை டிஃப் என்ற பட வடிவிலும், அன்றாடப் பயன்பாட்டுக்கான படியை நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005இல் தரப்படுத்தப்பட்ட பிடிஎஃப்-ஏ வடிவிலும் வையுங்கள்.

படி 3: அட்டவணை. வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. பதிவெண்ணைக் கொண்டு தேட முடியாத படம், பூட்டிய அலமாரியில் கிடக்கும் தாளைவிடப் பயனுள்ளதன்று. டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள் அச்சுப் பக்கங்களுக்கு உதவும். கையெழுத்துப் பதிவேடுகளுக்கு அதை நம்ப வேண்டாம். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய றா, னை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களிலும் அது தடுமாறக்கூடும். ஆகவே பதிவெண்ணையும் பெயரையும் ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றொருவர் சரிபார்ப்பதே பாதுகாப்பானது.

இங்கேதான் எக்செல் சத்தமின்றிக் கெடுக்கும். பதிவெண்ணின் தொடக்கத்தில் உள்ள பூஜ்யத்தை அது நீக்கிவிடும். எண்களுக்கு நடுவே ஈ என்ற ஆங்கில எழுத்து வந்தால் அதை அடுக்கெண்ணாகக் கருதி முழு எண்ணையும் மாற்றிவிடும். பிறகு கட்டத்தின் வடிவத்தை மாற்றினாலும் இழந்தது திரும்பாது. தட்டச்சைத் தொடங்கும் முன்பே பதிவெண் வரும் நிரலை (நெடுவரிசையை) உரை வடிவுக்கு மாற்றுங்கள். காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போது ஒவ்வொரு நிரலின் வகையையும் நம்மிடமே கேட்கும் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன்.

படி 4: எல்லாக் கோப்புகளுக்கும் மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒன்று வேறு வளாகத்தில். ஒவ்வொரு கோப்புக்கும், அது சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்து, ஆண்டுதோறும் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் இருவர் எழுப்பிய ஐயங்கள் இங்கே சேர்க்கத் தக்கவை. ஒரே பதிவெண் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மாணவருக்கு வழங்கப்பட்டிருந்தால், ஆண்டு, மாதம், பட்டப்படிப்பு, பதிவெண் ஆகிய நான்கையும் சேர்த்தே தேடல் திறவுகோலாகக் கொள்ள வேண்டும். மறுமதிப்பீட்டு முடிவை எழுதி ஒட்டிய சீட்டுகள் உள்ள பக்கத்தை, சீட்டு படிந்த நிலையில் ஒருமுறையும் தூக்கிப் பிடித்து மறுமுறையும் படமெடுத்து, இரண்டுக்கும் ஒரே பக்க எண்ணுடன் அ, ஆ எனப் பெயரிடுங்கள். படி 1இல் குறித்த எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது ஆ படங்களைக் கழித்துவிடுங்கள்.