பழைய படங்களுக்குள் நுழைவது எப்படி?

கறுப்பு வெள்ளைப் படமென்றாலே தயங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, சிட்னி லூமெட் இயக்கிய ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ (1957). ஒன்றரை மணி நேரம்தான். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறையில். போனைத் தள்ளி வைத்துவிட்டு கேமராவின் உயரத்தைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும், போகப் போகக் கீழே இறங்கும். கடைசியில் அறையின் கூரையே தெரியும். சுவர்கள் நெருங்கி வந்ததுபோல மூச்சு முட்டும். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை!

அடுத்து, சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931). பேசும்படம் வந்த பிறகும் வசனமில்லாமல் எடுத்தார். சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள், இசையும் பெரும்பாலும் அவருடையதுதான். கடைசிக் காட்சியில் பூ விற்கும் பெண் அவர் கையைத் தொடுவாள். அப்போது அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.