ட்ராக்குக்குப் போகும் கார் வீட்டுக்கும் திரும்பி வர வேண்டும்: காரை மாற்றியமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் என்னிடம் காரைக் கொண்டுவரும் தம்பிமார் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள்: "அண்ணை, இதுக்கு இன்னும் எவ்வளவு பவர் ஏத்தலாம்?" நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு. எங்கே ஓடப் போகிறீர்கள், ஓடி முடித்த பிறகு எதில் வீட்டுக்கு வரப் போகிறீர்கள்?

எங்கள் நிலைமை கொழும்பில் இருப்பவர்களின் நிலைமை இல்லை. நாங்கள் ஓடப் போகும் ட்ராக், அதாவது பந்தயத் தடம், களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டிய விமான ஓடுதளத்தில் இருக்கிறது. கிளிநொச்சியில் இருந்து அங்கே 350 கிலோமீற்றருக்கு மேல். காரை லொறியில் ஏற்றிக் கொண்டுபோகிற வசதி எங்களில் எத்தனை பேருக்கு உண்டு? அதே காரில் போய், அதிலேயே ஓடி, அதிலேயே ஏ9 வீதி பிடித்துத் திரும்ப வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு பழைய ஹொண்டா சிவிக் என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். அப்படி வாங்கிய காரை ஒரு பின்னேரத்தில் பழுதாக்கிவிட்டு வரக்கூடாது. அதனால் எந்தச் சாமானைப் பூட்டுவதென்றாலும் எனக்கு இரண்டே அளவுகோல்தான். பத்தாவது சுற்றிலும் அது முதல் சுற்றில் போலவே வேலை செய்யுமா? அப்புறம் கார் முறிகண்டி தாண்டி வீடு வந்து சேருமா?

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், எஞ்சினில் இருந்து தொடங்குவதுதான் முதல் தவறு. போன வருடம் ஒரு தம்பி ஈகே என்ற பழைய மாடல் சிவிக்குக்குப் பெரிய சைலன்சர், ஹெடர்ஸ் (எஞ்சினில் இருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்கள்), புது ரிம் எல்லாம் பூட்டிக்கொண்டு தன் முதல் ட்ராக் நாளுக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, போனான். மூன்றாவது சுற்றில் பிறேக் பெடல் தரைக்குப் போய்விட்டது. நல்லகாலம், முன்னால் வெட்டவெளி. காரைத் திருப்பிக் கொண்டுவந்து பிறேக் ஒயிலைத் திறந்து பார்த்தேன், பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. அது எத்தனை வருடத்து ஒயில் என்று யாருக்கும் தெரியாது.

பிறேக் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1100 கிலோ கார் ஒன்றை 160 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து 60 க்கு இறக்கினால், ஏறத்தாழ 930 கிலோஜூல் சக்தி வெப்பமாக மாறுகிறது. மூன்று லீற்றர் தண்ணீரை வீட்டுக் கேத்திலில் கொதிக்க வைக்க அவ்வளவு சூடு போதும். அதை நாங்கள் சில செக்கன்களில் நான்கு டிஸ்க்குகளுக்குள் கொட்டுகிறோம். அடுத்த வளைவில் திரும்பவும், அதற்கடுத்த வளைவில் திரும்பவும். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் சாதாரணத் தெருப்பாவனைப் பிறேக் பேட் அவ்வளவு சூட்டில் பிடியை விடும். ஒயிலோ கொதித்து ஆவியாகும். ஆவி நசியும், திரவம் நசியாது. அதனால்தான் பெடல் வெறுமையாக இறங்குகிறது.

பிறேக் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். போத்தலில் டொட் என்று போட்டிருப்பது ஒயிலின் தரம். டொட் 4 தரத்துக்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155 பாகை. டொட் 5.1 க்கு அவை 260, 180. மாரி மழை இரண்டைக் கண்ட ஒயிலோடு ட்ராக்குக்குப் போகாதீர்கள். ஒரு லீற்றர் நல்ல ஒயில் வாங்கி, பழையது முழுவதையும் வெளியே எடுத்து, காற்றுக் குமிழி இல்லாமல் நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்யுங்கள். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று டொட் 5 ஐ ஊற்றிவிட வேண்டாம். அது சிலிக்கன், மற்றவற்றோடு சேராது. பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று துளை போட்ட டிஸ்க் வாங்குவதும் வீண்தான். சூடேறி ஆறும்போது அந்தத் துளைகளில் இருந்தே வெடிப்புத் தொடங்கும். துளையில்லாத சாதாரண டிஸ்க், சூடு தாங்கும் பேட், புது ஒயில் மூன்றும் போதும். அந்தத் தம்பி அடுத்த முறை இவற்றோடு மட்டும் போனான். நாள் முழுவதும் ஓடிவிட்டு வந்தான்.

ரயரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் அதில் பிழைவிட்டால் மற்றது எல்லாம் வீண். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ரிம்மோடு சேர்த்து வரும் பாவித்த ரயரில் பூ (ரயரின் மேல் வெட்டுகள்) ஆழமாகவே இருக்கும். ஆனால் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும், அதைப் பாருங்கள். 2314 என்று இருந்தால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடம் கடந்த றப்பர் கல்லாகிவிடும், பூ எவ்வளவு இருந்தாலும் பிடி இராது. காற்று விஷயத்திலும் ஒரு கணக்கு உண்டு. 30 பாகையில் 30 பி.எஸ்.ஐ. அடித்த ரயர் 80 பாகைக்குச் சூடேறினால் 37 ஐத் தொடும். வீட்டில் அடித்த காற்றோடு நாள் முழுவதும் ஓடிவிட்டு கார் வழுக்குகிறது என்று சொல்பவர்கள் ரயரைக் குறைசொல்கிறார்கள். ஓடிவிட்டு உள்ளே வந்தவுடன், சூடாக இருக்கும்போதே அளந்து காற்றை இறக்குங்கள். வீட்டுக்கு வெளிக்கிடும்போது திரும்ப அடிக்க மறக்க வேண்டாம்.

வன்னிக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. இதை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது காண்கிறேன்: ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படைதான் எஞ்சினின் தண்ணீர் வழிகளிலும் ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் படிகிறது. தெருவில் ஓடும்போது இது தெரியாது. முழு வேகத்தில் பதினைந்து நிமிடம் ஓடும்போது தெரியும். கூலன்ற்றையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் கலந்து ஊற்றுங்கள். பற்றறிக்கு வாங்கும் தண்ணீர் அதற்கு உதவும்.

கார் சூடாகிறது என்றதும் சில கராச்சுகளில் தேர்மோஸ்ரற்றை (சூட்டுக்கு ஏற்ப ரேடியேற்றருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வை) கழற்றி எறிந்துவிடுவார்கள். கேட்டால் எங்கள் வெயிலுக்கு அது தேவையில்லை என்பார்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தேர்மோஸ்ரற் இல்லாத எஞ்சின் ஏ9 இல் சும்மா ஓடும்போது அளவான சூட்டுக்கு வராது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கம்பியூட்டர் நினைத்துப் பெற்றோலைக் கூட்டி ஊற்றும். பல எஞ்சின்களில் தேர்மோஸ்ரற் முழுதாகத் திறக்கும்போதுதான் ரேடியேற்றரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குவழி அடைபடும். அதைக் கழற்றினால் சூடான தண்ணீரின் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது ட்ராக்கில் சூட்டைக் கூட்டும். ரேடியேற்றர் மூடியையும் சின்னச் சாமான் என்று விடாதீர்கள். 1.1 பார் மூடி ஒழுங்காகப் பிடித்தால் உள்ளே தண்ணீர் கொதிக்க 120 பாகைக்கு மேல் வேண்டும். மூடியின் றப்பர் போய்விட்டால் 100 பாகையிலேயே கொதிக்கும். ஈகே போன்ற கார்களுக்கு இப்போது 25 வயது கடந்துவிட்டது. அவற்றின் தண்ணீர்க் குழாய்களைக் கையால் நசித்துப் பாருங்கள், மொறுமொறுவென்று சத்தம் வந்தால் மாற்றுங்கள். புது ரேடியேற்றர் வாங்கும் காசில் சிறு பங்குதான் இதற்குச் செலவாகும்.

காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சினின் மேலேயே கூம்பு பில்டர் பூட்டுவது பிரபலம். சத்தம் நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் அது இழுப்பது பொனற்றுக்குள் இருக்கும் சூடான காற்றை. வெளியே 35 பாகையும் உள்ளே 65 பாகையும் என்றால், உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 வீதம் குறைவு. காசு கொடுத்துப் பவரைக் குறைத்த கதை அது. அதைவிட எனக்குக் கவலை எங்கள் கிரவல் ஒழுங்கைகளின் செம்புழுதி. வடிகட்டல் சரியில்லாத பில்டருக்குள்ளால் போகும் புழுதி சிலிண்டர் சுவரை அரைத்துவிடும். பெட்டியை விடுங்கள், அதற்குள் புதுப் பில்டரைப் போடுங்கள்.

ஸ்பிறிங்கை வெட்டிக் காரைப் பதிப்பதும், அதாவது உயரத்தைக் குறைப்பதும், அப்படித்தான். வெட்டிய ஸ்பிறிங்கோடு சொக் அப்சோபருக்கு ஓடித்திரிய இடம் குறைகிறது. வளைவில் அது அடியில் முட்டும் நொடியில் அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று போய்விடும். லான்சர், இம்பிரேசா, ஸ்விஃப்ட் போன்ற கார்களின் முன் சக்கர அமைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. அளவுக்கு மேல் பதித்தால் சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க் கை சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சரிந்துவிடும், பதித்த கார் பதிக்காத காரைவிடக் கூடுதலாகச் சாய வாய்ப்பு உண்டு. முதலில் சக்கர அமைப்பின் மூட்டுகளான புஷ், போல் ஜொயின்ற் தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றி, அலைன்மென்ற் (சக்கரங்களின் கோணம்) பார்த்துவிட்டு ஒருநாள் ஓடிப் பாருங்கள். பலருக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படாது. பதித்த காரின் ஒயில் சம்ப் (எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டு) எங்கள் ஒழுங்கையின் கல்லில் அடிபட்டால் ட்ராக்குக்குப் போகும் பேச்சே இல்லை.

சரி, எஞ்சினுக்கு வருவோம். ஜப்பானில் இருந்து வந்த லான்சர் இவோ, இம்பிரேசா எஸ்டிஐ போன்ற டேர்போ கார்கள் அந்த நாட்டுப் பிரீமியம் பெற்றோலுக்கென்று சீர்செய்யப்பட்டவை. அங்கே பிரீமியத்தின் குறைந்தபட்ச ஒக்டேனே (பெற்றோல் தானாகப் பற்றாமல் தாங்கும் அளவு) 96, கடையில் கிடைப்பது அதைவிடக் கூடியது. எங்கள் பெற்றோல் செட்டுகளில் கிடைப்பது பெரும்பாலும் 92 உம் 95 உம். அப்படியே விட்டாலே அந்த எஞ்சின் 95 இல் விளிம்பில்தான் நிற்கிறது. அதற்குமேல் பூஸ்ட்டை (டேர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை) கூட்டினால், பெற்றோல் உரிய நேரத்துக்கு முன் தானாகப் பற்றி பிஸ்டனை உடைக்கும். மாற்றம் செய்வதென்றால் காற்று, பெற்றோல் கலவையை அளக்கும் கருவியோடு, நின்ற இடத்திலேயே பவரை அளக்கும் டைனோவில் ஏற்றிச் சீர்செய்பவரிடம் போங்கள். தெருவில் ஓட்டிப் பார்த்து, காதால் கேட்டுச் சரிபார்க்கிற வேலை இது இல்லை. புறப்பட முன் வழியில் எந்தச் செட்டில் 95 இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஒயிலை மேல் அளவுக்கோடு வரை வைத்திருங்கள். நீண்ட வளைவில் ஒயில் சம்ப்பின் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அளவு குறைந்திருந்தால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். பெயரிங் உருக ஒரு சில செக்கன் போதும்.

ரேஸ் பெல்ற்றைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணச் சீற்றில் நாலு இடத்தில் பூட்டும் நாலு புள்ளி பெல்ற் போட்டால், மோதும்போது இடுப்புப் பட்டி வயிற்றுக்கு மேலேறி உடம்பு கீழே வழுகும். உருள் கம்பி (கார் உருண்டால் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) இல்லாத காரில் கூரை நசிந்தால், சரிய வேண்டிய உடம்பை அந்த பெல்ற் நிமிர்த்தியே பிடித்து வைத்திருக்கும். சீற், பெல்ற், கம்பி மூன்றையும் ஒன்றாகச் செய்ய முடியாவிட்டால் காரோடு வந்த பெல்ற்றே பாதுகாப்பு. ஹெல்மெற் வாங்கும்போது கார் ஓட்டத்துக்கான எஸ்ஏ (SA) தரம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றின் உட்புறத்துக்கு நெருப்பைத் தாங்கும் சோதனை கிடையாது. காப்புறுதிப் பத்திரத்தையும் வாசியுங்கள். ஓட்டப் பந்தயத்துக்குப் பொருந்தாது என்ற வரி அநேகமானவற்றில் இருக்கும்.

பூட்டியதைச் சரிபார்க்க ஏ9 நல்ல இடம் என்று நினைப்பது எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஊர்மனைக்கு வெளியே அங்கே எல்லை 70. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் இரவில் தெருவில் படுத்திருக்கும் மாட்டுக்கு உங்கள் கார் வருவது தெரியாது. சைக்கிளில் வரும் ஐயாவின் பின்பக்கம் விளக்கும் இராது. இந்தத் தெருவில் நாங்கள் பறிகொடுத்த பொடியளின் வீடுகளுக்கு நான் போய் வந்திருக்கிறேன்.

ட்ராக்கில் கடைசிச் சுற்றைப் பிறேக் பிடிக்காமல் மெதுவாக ஓடி எல்லாவற்றையும் ஆறவிடுங்கள். நிறுத்திய பிறகு கைப்பிறேக் இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான பேட் டிஸ்க்கை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கக்கூடாது. ஆறியதும் சக்கர நட்டுகளை முறுக்குவிசை அளக்கும் சாவியால் இறுக்குங்கள், சிவிக்குக்கு 108 நியூட்டன் மீற்றர். ட்ராக்குக்கென்று போட்ட கடும் பேட் குளிராக இருக்கும்போது சரியாகப் பிடிக்காது. அதைக் கழற்றி, தெருவுக்கு உரிய பேட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டே வெளிக்கிடுங்கள். களைப்பாக இருந்தால் அநுராதபுரத்தில் தங்கி, நித்திரை கொண்டுவிட்டு விடியப் புறப்படுங்கள். பகல் வெளிச்சத்தில் மாடு தூரத்திலேயே தெரியும்.